ஸ்டிச் பாலுக்கு மாறியதும் லைன் போய்விட்டது. வேகத்தைக் குறைக்கவா, ஆக்‌ஷனை மாற்றவா?

தாரமங்கலம்_வேகம்:

வணக்கம். எனக்கு 19 வயது, தாரமங்கலம் பக்கம். காலேஜ் இரண்டாம் வருடம். வலது கை வேகப்பந்து. சின்ன வயதிலிருந்து டென்னிஸ் பந்துதான். ஓமலூர், ஜலகண்டாபுரம், மேச்சேரி என்று ஞாயிற்றுக்கிழமை எங்கே டோர்னமென்ட் நடந்தாலும் போய்விடுவோம். டீமில் கடைசி ஓவர் என்னிடம்தான் வரும். பேட்ஸ்மேன் காலடியில் குத்துகிற யார்க்கர் கேட்டால் யார்க்கர் விழும். பக்கத்தில் இருக்கிற சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் போய் இந்தியாவுக்கு ஆடியதைப் பார்த்து வளர்ந்த பசங்க நாங்கள். யார்க்கர் போடத் தெரியாதவன் எங்கள் பக்கம் பௌலரே கிடையாது.

இந்த சீசன் சேலத்தில் ஒரு லீக் டீமில் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டிச் பால் (தையல் போட்ட கனமான தோல் பந்து), மேட்டிங் விக்கெட் (மேல் பாய் விரித்த பிட்ச்). அங்கே போனதிலிருந்து நான் போடுவது எதுவும் நான் நினைத்த இடத்தில் விழவில்லை. யார்க்கர் போட நினைத்தால் தரையில் குத்தாமலே தொடை உயரத்துக்கு ஃபுல்டாஸ் போகிறது. சரி, கொஞ்சம் இழுத்துப் போடுவோம் என்றால் பாதி பிட்சில் குத்துகிறது. வலது கை பேட்ஸ்மேனுக்கு ஒரு பால் லெக் சைடில் கீப்பர் பாய்ந்து பிடிக்கிற மாதிரி, அடுத்த பால் முதல் ஸ்லிப்புக்கு நேராக. நடுநடுவே நோபால் வேறு. கேப்டன் "லைன்ல போடு, லைன்ல போடு" என்று கத்துகிறார். லைனில், அதாவது ஸ்டம்பை ஒட்டிய திசையில், எப்படிப் போடுவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

வேகம்தான் என்னிடம் இருக்கிற ஒரே சொத்து. அதைக் குறைத்துக்கொள்ளவா? இல்லை ஆக்‌ஷனையே மாற்ற வேண்டுமா? காலையில்தான் கிரவுண்டு காலியாக இருக்கும், பெரும்பாலும் நான் ஒருவன்தான் இருப்பேன். தனியாக என்ன செய்தால் சரியாகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_11:

வேகத்தைக் குறை தம்பி. முக்கால் வேகத்தில் ஆஃப் ஸ்டம்புக்கு மேலே போட்டுக்கொண்டே இரு. ஆஸ்திரேலியாவின் மெக்ராத் என்ன எக்ஸ்பிரஸ் பௌலரா? 124 டெஸ்டில் 563 விக்கெட். ஒரே இடத்தில் போட்டே எடுத்தது. லைன் வந்த பிறகு வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

அம்மாபேட்டை_அம்பயர்:

மெக்ராத் பற்றிச் சொன்னது சரி. ஆனால் வேகத்தைக் குறைத்தால் லைன் வந்துவிடும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாதி வேகத்தில் ஓடி வருகிறவனின் கால் வேறு இடத்தில் விழும், உடம்பு வேறு மாதிரி திரும்பும். அந்த வேகத்தில் பழகியது அந்த வேகத்துக்கு மட்டும்தான் உதவும். ஆட்டத்தில் பேட்ஸ்மேன் ஒரு ஃபோர் அடித்ததும் கோபத்தில் முழு வேகத்தில் ஓடி வருவாய், பழைய கதை திரும்ப ஆரம்பிக்கும்.

தம்பி, நானும் ஒரு காலத்தில் மிதவேகம் போட்டவன்தான். இப்போது பல வருடமாக லீக் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறேன். கிரவுண்டில் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். பௌலரின் காலை முதலில் பார்ப்பவன் அம்பயர் ஒருவன்தான். பின்கால் பக்கவாட்டுக் கோடான ரிட்டர்ன் கிரீஸைத் தொடாமல் உள்ளே இறங்கியதா, முன்காலில் கொஞ்சமாவது முன்கோடான பாப்பிங் கிரீஸுக்குப் பின்னால் இருந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்துவோம். நாள் முழுக்க இதையே பார்த்துப் பார்த்து ஒன்று பழகிவிட்டது. முன்கால் இறங்குகிற விதத்தைப் பார்த்தாலே பந்து எந்தப் பக்கம் போகப் போகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பந்து அப்போது இன்னும் கையை விட்டே போயிருக்காது.

அதனால்தான் சொல்கிறேன், லைன் உன் கையில் இல்லை, காலில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார். இந்த கிரீஸிலிருந்து அந்த கிரீஸுக்கு 58 அடி, அதாவது 17.68 மீட்டர். கையை விடும்போது பந்தின் திசை ஒரே ஒரு டிகிரி விலகினால், அந்த முனையில் 31 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மூன்று ஸ்டம்பும் சேர்ந்தே 22.86 சென்டிமீட்டர் அகலம்தான். மேலும் கீழும் இதே கதைதான். மணிக்கு 125 கிலோமீட்டர் வேகத்தில் போடுகிற பௌலர், பேட்ஸ்மேன் முன்னே வரவா பின்னே போகவா என்று தயங்குகிற குட் லெங்த்துக்குக் குறி வைத்து, ஒரு டிகிரி மேலே விட்டால் பந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னால் போய்க் குத்தும். கை சுற்றுகிற வேகத்தில் அந்த ஒரு டிகிரியைக் கடக்க ஒரு மில்லிசெகண்டு கூட ஆகாது. இதை மணிக்கட்டை வைத்து அந்த நேரத்தில் சரிசெய்ய எந்த மனிதனாலும் முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: கை மேலே வரும்போது உடம்பு ஒவ்வொரு பாலுக்கும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி நிற்க வேண்டும். அதை முடிவு செய்வது ஓடி வருகிற ரன்‑அப்பும் இரண்டு காலும்.

இன்னொரு விஷயம், உன் ஃபுல்டாஸ். அதில் உன் ஆக்‌ஷன் மேல் முழுப் பழியும் போடாதே. டென்னிஸ் பந்து 58 கிராம் பக்கம் இருக்கும். ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம். அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், எடை இரண்டே முக்கால் மடங்கு. லேசான பந்து, அதுவும் மேலே பஞ்சு மாதிரி ரோமம் இருக்கிற பந்து, காற்றில் சீக்கிரம் வேகம் இழந்து இறங்கிவிடும். கனமான பந்து அப்படி இறங்காது, இன்னும் கொஞ்ச தூரம் போகும். டென்னிஸ் பந்தில் யார்க்கராக விழுந்த அதே ரிலீஸ் இங்கே ஃபுல்டாஸாகத்தான் போகும். உன் கை பழைய பந்தின் கணக்கில் இருக்கிறது. அது மாறும், சில வாரம் ஆகும்.

ஆனால் லைன் சிதறுவதும் நோபாலும் சேர்ந்து வருகிறது என்றாயே, அது பந்தின் எடையால் வருவதில்லை. இதைச் செய். சில கிரவுண்டில் மேட் பாப்பிங் கிரீஸுக்கு முன்னாலேயே முடிந்துவிடும், பௌலரின் இரண்டு காலும் செம்மண்ணில்தான் இறங்கும். அப்படி ஒரு முனையைத் தேர்ந்தெடு. மண்ணைக் கையால் தடவிச் சமமாக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துவிடு. முழு ரன்‑அப்பில், முழு வேகத்தில் ஒரு ஓவர் போடு. ஸ்டம்பே வேண்டாம். பந்து எங்கே போயிற்று என்று பார்க்காதே. ஓவர் முடிந்ததும் குனிந்து உட்கார்ந்து கால் தடத்தைப் பார்.

நல்ல பௌலரின் தடம் எப்படி இருக்கும் தெரியுமா? நான் நின்ற ஆட்டங்களில் லஞ்சுக்கு முன் மண்ணைப் பார்த்திருக்கிறேன். பின்காலுக்கு ஒரு பள்ளம், முன்காலுக்கு ஒரு பள்ளம், ஒரு ஷூ அளவுதான் இருக்கும். முன்கால் பள்ளத்தில் குதிகால் பக்கம் ஆழமாக, விளிம்பு வெட்டினது போல நிற்கும். லைன் சிதறுகிறவனின் முனையில் பள்ளமே இருக்காது. ஒரு முறம் அளவுக்கு மண் கலைந்து கிடக்கும், எது எந்தப் பாலின் தடம் என்றே தெரியாது. ஸ்கோர் புத்தகத்தைப் பார்க்காமலே அவன் எத்தனை வைடு போட்டிருப்பான் என்று ஊகிக்கலாம்.

உன் தடம் எப்படி இருக்கிறது என்று இங்கே வந்து எழுது. அப்புறம் மேற்கொண்டு பேசலாம்.

ஏற்காடு_சீம்:

அம்பயர் அண்ணா சொல்வதில் பெரும்பகுதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கால் மட்டும்தான் என்று விட்டுவிடக்கூடாது. நான் பெண்கள் ஆட்டத்தில் மிதவேகம் போடுகிறேன். கால் அழகாக ஒரே இடத்தில் இறங்கியும் என் பந்து லெக் சைடில் போய்க்கொண்டிருந்த காலம் உண்டு. காரணம் இடது கை. முன்கையைத் தூக்கி, ஸ்டம்பைப் பார்த்து நேராகக் கீழே இழுப்பதற்குப் பதில் பக்கவாட்டில் வீசிவிடுவேன். அந்தப் பக்கம் தோள் திறக்கும், தலை இடது பக்கம் சாயும், பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போகும். தலை சாய்ந்தால் கண் சாயும். கண் சாய்ந்தவன் குறி பார்க்க முடியாது.

முன்கையை இடுப்புப் பக்கம் இறுக்கி இழுத்து முடி. பந்து போன பிறகும் கண் குறியிலேயே இருக்கட்டும். வீடியோ எடு. போனை ஸ்டம்புக்கு நேர் பின்னால் தண்ணீர் பாட்டில் மேல் சாய்த்து வைத்தால் போதும். பக்கவாட்டில் எடுத்த வீடியோவில் இது தெரியாது.

லெங்த்துக்கு: கீப்பருக்குப் போடுவதாக நினைக்காதே, பிட்சில் ஒரு இடத்துக்குப் போடு. நான் பழைய துண்டு ஒன்றை விரித்து வைப்பேன். முதலில் குட் லெங்த், அது பிடிபட்ட பிறகு யார்க்கர். இங்கே மலையில் காலையில் பனியில் பந்து நனைந்து வழுக்கும், அப்படி இருக்கிற நாளில் லெங்த் பழகவே மாட்டேன், ரன்‑அப் மட்டும்தான். ஈரப் பந்தைப் பிடித்து வைத்துப் போட்டால் விரல் தப்பாகப் பழகிவிடும்.

அஸ்தம்பட்டி_பிசியோ:

ஒரு விஷயம் மட்டும். ஆக்‌ஷனை நீங்களாக யூட்யூப் பார்த்து மாற்றாதீர்கள். இடுப்பு முன்பக்கம் பார்த்து, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்பி இருக்கிற கலப்பு ஆக்‌ஷன்தான் முதுகெலும்புக்கு மிக ஆபத்தானது. பாதி மாற்றி பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் அங்கே போய் நிற்பார்கள். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கே 1973‑ல் முதுகில் எலும்பு விரிசல் வந்து, ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். அவர்தான் பிறகு 1987‑ல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் நம் பையன்களுக்குப் பயிற்சி தந்தவர்.

19 வயதில் எலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. லேசான பந்திலிருந்து கனமான பந்துக்கு மாறும்போது ஓவர்களை மெதுவாகக் கூட்டுங்கள். வலது கை பௌலருக்குக் கீழ்முதுகில் இடது பக்கம் ஒரு புள்ளியில் வலி, பின்னால் வளைந்தால் அதிகமாகிறது என்றால், தைலம் தேய்த்துக்கொண்டு ஆடாதீர்கள். அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். முதுகை எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பினாலும், ஆரம்ப விரிசல் அதில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

தாரமங்கலம்_வேகம்:

எல்லோருக்கும் நன்றி. வலி எதுவும் இல்லை அண்ணா, வந்தால் கண்டிப்பாக நிறுத்திவிடுகிறேன்.

தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். அம்பயர் அண்ணா சொன்ன இரண்டாவது ரகம்தான் நான். பின்கால் தடம் முன்னும் பின்னும் ஒரு அடிக்குச் சிதறி இருக்கிறது. முன்கால் தடம் பின்காலுக்கு நேராக இல்லை. எல்லாப் பாலுக்கும் வலது பக்கம் தள்ளி, ஸ்டம்பை நோக்கிக் குறுக்கே விழுகிறது. ஒவ்வொரு முறையும் தள்ளுகிற தூரம் வேறு. வீடியோவில் பார்த்தால் கிரீஸ் கிட்ட வரும்போது குட்டிக் குட்டியாக அடி வைத்துத் தயங்குகிறேன். நான் இப்படி ஓடுவேன் என்றே எனக்குத் தெரியாது.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் ஊர் கிரவுண்டில் ஸ்டம்புக்கு நேர் பின்னால் வாய்க்கால் இருக்கிறது. அதனால் எப்போதும் மிட்‑ஆஃப் பக்கத்திலிருந்து, அதாவது என் இடது பக்கத்திலிருந்து, சாய்வாகத்தான் ஓடி வருவேன். லீக்கிலும் அப்படியேதான் ஓடுகிறேன். அதுவும் காரணமா?

அம்மாபேட்டை_அம்பயர்:

அதுதான் காரணம் தம்பி. நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது, ஏனென்றால் இது சரிசெய்யக்கூடியது.

மிட்‑ஆஃப் பக்கத்திலிருந்து சாய்வாக வருகிறாய். உடம்பு முழுக்க வலது பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. குதித்து இறங்கும்போது முன்கால் அந்தப் போக்கிலேயே குறுக்கே விழும். விழுந்ததும் இடுப்பு பூட்டிக்கொள்ளும். இனி பந்தைப் பேட்ஸ்மேனுக்குக் கொண்டுபோக உடம்பு அந்தக் காலைச் சுற்றித் திரும்ப வேண்டும். சுற்றல் கொஞ்சம் கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் இன்னொரு பக்கம். ஸ்லிப்புக்கு ஒன்று, லெக் சைடுக்கு ஒன்று என்று நீ சொன்னது இதுதான். ஏற்காட்டுத் தங்கச்சி சொன்ன தலை சாய்வதும் இதோடு சேர்ந்தே வரும். அவர் சொன்னபடி முன்கையையும் பார்த்துக்கொள், அது சரியான பேச்சு. ஆனால் முதலில் ஓட்டத்தை நேராக்கு. சாய்ந்த ஓட்டத்தை வைத்துக்கொண்டு கையைத் திருத்தினால், தவறான காலுக்குச் சரியான கை என்று ஆகிவிடும்.

டென்னிஸ் பந்தில் இது ஏன் தெரியவில்லை? அந்தப் பந்தைத் தோளால் மட்டும் இழுத்துத் திருப்பிவிடலாம். 160 கிராம் பந்து அப்படித் திரும்பாது.

குறுக்கே விழுகிற முன்காலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பந்து போட்டு முடித்த பின் நீ பிட்சின் நடுவில்தான் ஓடுவாய். நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு அடி, பாப்பிங் கிரீஸுக்கு 5 அடி முன்னாலிருந்து தொடங்குவது தடை செய்யப்பட்ட பகுதி. முதல் முறை ஓடினால் முதலும் கடைசியுமான எச்சரிக்கை, திரும்ப ஓடினால் அந்த இன்னிங்ஸில் உனக்குப் பந்து கிடையாது. ஒரு நல்ல பௌலரை இப்படி நிறுத்த வேண்டியிருந்த நாள் எனக்கு மனது கஷ்டமாக இருந்தது.

சரி, செய்ய வேண்டியது. பந்து இல்லாமல் ஆரம்பி. பாப்பிங் கிரீஸில் குதிகாலை வைத்து, பேட்ஸ்மேன் பக்க ஸ்டம்புக்கு முதுகைக் காட்டி, நீ எந்தப் பக்கம் ஓடி வருவாயோ அந்தப் பக்கம் நேர்க்கோட்டில் வெளியே ஓடு. இயல்பான வேகம் வந்து, குதித்துப் போடுகிற மாதிரி குதி. குதித்த இடத்தை ஒரு நண்பன் குறித்துக்கொள்ளட்டும். பல முறை ஓடு. குறிகள் ஓர் இடத்தில் சேர ஆரம்பிக்கும், அதுதான் உன் ரன்‑அப். டேப் வைத்து அளந்து எழுதி வைத்துக்கொள். காலடி எண்ணி அளப்பது போதாது, களைப்பான நாளில் அடி சின்னதாகிவிடும். ஆரம்பிக்கும்போது எப்போதும் ஒரே காலை முதலில் எடுத்து வை. கிரீஸ் கிட்ட வந்து குட்டி அடி வைப்பது, தூரம் உனக்கு நம்பிக்கை தராததால்தான். நோபாலும் அங்கேயிருந்துதான் வருகிறது. அளவு சரியாக இருந்தால் கிரீஸைப் பார்க்கவே தேவைப்படாது, கண் பிட்சில் இருக்கும்.

ஓட்டப் பாதையில் இரண்டு பக்கமும் செருப்பையோ கல்லையோ வரிசையாக வைத்து, நடுவில் ஓடிப் பழகு. அந்த வரிசை ரிட்டர்ன் கிரீஸுக்கும் ஸ்டம்புக்கும் நடுவில் வந்து முடிய வேண்டும். ரிட்டர்ன் கிரீஸ் நடு ஸ்டம்பிலிருந்து 1.32 மீட்டர். அவ்வளவு இடத்தில் நேராகத் தாராளமாக வரலாம். உங்கள் ஊர் வாய்க்காலை நகர்த்த முடியாது, அதனால் அங்கே மறுமுனையிலிருந்து போடு. மறுமுனையிலும் இடமில்லை என்றால் ரன்‑அப் பயிற்சிக்கு மட்டும் வேறு கிரவுண்டுக்குப் போ.

ஒவ்வொரு வாரமும் அதே தண்ணீர் வேலையைச் செய். முன்கால் பின்காலுக்கு நேராக வர ஆரம்பித்த பிறகு முழங்காலைப் பார். ஒரு பாலுக்கு மடங்கி, அடுத்த பாலுக்கு நிமிர்ந்து நின்றால் கை உயரம் மாறும், லெங்த் மாறும். இறங்கியதும் அது தடி மாதிரி நின்று உடம்பைத் தடுக்க வேண்டும். ஆனால் பிசியோ சொன்னதை மறக்காதே, இதைப் பயிற்சியாளர் யாராவது பக்கத்தில் நின்று பார்க்கும்போது செய்.

நடராஜன் பேரை எடுத்தாய், அதனால் சொல்கிறேன். 2020 ஐ.பி.எல்லில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கரை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2015‑ல் ரஞ்சிக்கு முதல் முறை ஆடிய பிறகு அவர் ஆக்‌ஷன் மீது புகார் வந்தது. திருத்திக்கொண்டு, திரும்ப உள்ளூர் ஆட்டத்திலிருந்து ஏறி வந்தார். அந்த இடைப்பட்ட வேலையை யாரும் டிவியில் காட்டுவதில்லை. சின்னப்பம்பட்டிப் பக்கத்துப் பையன் நீ, அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை_11:

செருப்பு வரிசை நல்ல யோசனை. எங்கள் நெட்ஸில் நாளையே வைத்துப் பார்க்கிறேன். நெட்ஸில் எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்துதான் போடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை.

தாரமங்கலம்_வேகம்:

அண்ணா, புரிந்தது. டேப் வாங்கிவிட்டேன். இன்னொரு சந்தேகம், ஆட்டத்தில் அம்பயர் ஸ்டம்பை ஒட்டி நின்றால் நான் தானாகவே வெளியே விலகி ஓடுகிறேன். அவரிடம் எதுவும் சொல்லலாமா? திட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அம்மாபேட்டை_அம்பயர்:

தாராளமாகச் சொல்லலாம். ஸ்பெல் தொடங்கும் முன் "ரைட் ஆர்ம் ஓவர்" என்று சொல்லும்போதே, "சார், கொஞ்சம் பின்னால் நில்லுங்கள்" என்று கேள். பந்தும் காலும் தெரிகிற இடம் என்றால் எந்த அம்பயரும் நகர்ந்துகொள்வார். ஆட்டத்துக்குள் உனக்குப் பௌலிங் சொல்லித்தர எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் கால் கோட்டுக்கு எவ்வளவு கிட்டே விழுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் சொல்வோம். முதல் ஓவர் முடிந்து தொப்பியை வாங்கும்போது கேட்டுவிடு.